பாதாள ரயிலும் ஏழு கிலோ பூசணிக்காயும்

ஏப்ரல் 7, திங்கள்

புத்தாண்டுக்கு உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. மூன்று மாதமாக அக்கா இதன்மேல்தான் குக்கரை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று போராடிக் கைப்பற்றினேன். ஏனென்றால் இன்று சரித்திரம் நிகழ்ந்தது. எழுத ஆளில்லாவிட்டால் சரித்திரம் வெறும் திங்கட்கிழமையாகப் போய்விடும்.

எழுதுகிறவன் யார் என்பதை வருங்கால ஆராய்ச்சியாளர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஆபத்சகாயம். வயது ஐம்பத்தெட்டு. செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் 'ஆகாலோகம்' கேளிக்கைப் பூங்காவில் பாதாள ரயிலுக்கு டிரைவர், கார்டு, மெக்கானிக், எமதர்மராஜன் எல்லாம் நானே. இருபத்தொன்பது வருட ஆட்சி. நான்கு பெட்டிகள், பதினாறு இருக்கைகள், ஒரு சிமெண்டுக் குகை. உள்ளே எழுந்து உட்காரும் எலும்புக்கூடு ஒன்று, ஒற்றைக் கண் எரியும் அரக்கன் ஒருவன், மேலிருந்து விழும் ரப்பர் பாம்புகள் பதினொன்று. போய்வர நாலு நிமிடம் பத்து விநாடி. அதற்குள் மயங்கி விழுந்தவர்கள் இதுவரை ஒரு லட்சம் பேர் இருக்கும். அதில் பாதிப்பேர் போலீஸ்காரர்கள்.

முதலாளி மாசிலாமணி வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே ஒரு பூங்காவில் ஜனங்களைப் படகில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுவார்களாம். அந்தப் படகுச் சவாரியையே முழுநீளப் படமாக எடுத்தார்களாம். படத்தைப் பார்த்தவன் படகில் ஏற வந்தானாம், படகில் ஏறியவன் படத்துக்குப் போனானாம். பூங்கா ஊழியர்கள் நாற்பது பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி அறிவித்தார். ஆகாலோகத்தின் ஒவ்வொரு சவாரியும் இனி சினிமா. ராட்டினம் காதல் படம். அலைக்குளம் குடும்பப் படம். மோதும் கார்கள் அரசியல் படம். முதல் படம், பாதாள ரயில்.

நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். பதவி வரும்போது அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எலும்புக்கூட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தது, மறுபடி படுத்துக்கொண்டது. நடிகராவதற்கு முன்பே கர்வம்.

ஏப்ரல் 12, சனி

இயக்குநர் யார் என்று முதலாளி யோசிக்க ஆரம்பித்த அரை நொடியில் என் கை மேலே இருந்தது. என் அக்கா தையல்நாயகியின் மகள் சுகந்தி. முப்பத்திநாலு வயது. பதினோரு வருடமாக வடபழனியில் உதவி இயக்குநர். அவள் பெயரைக் கேட்டால் கோடம்பாக்கத்தில் கேமராக்கள் தாமாகவே ஓட ஆரம்பிக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவள் சொந்தமாக ஆரம்பித்த இரண்டு படங்கள் பாதியில் நின்றுபோனதைச் சொல்லவில்லை. ஒன்றில் கதாநாயகன் ஒன்பதாவது நாள் வெளியூர் போனவர் வரவேயில்லை. இன்னொன்றில் தயாரிப்பாளரே வரவில்லை. இரண்டிலும் இவள் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ராசியில்லாத பொண்ணு என்று ஒரு பேச்சு சுற்றுகிறது.

இன்று வந்தாள். மூன்றாவதும் நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"இதுவும் நின்னுச்சுன்னா, இனிமே எந்த ஆபீஸ் வாசல்லயும் என்னை உக்காரக்கூட விட மாட்டாங்க மாமா."

நிற்காது என்றேன். பாதாள ரயில் இருபத்தொன்பது வருடத்தில் நடுவழியில் நின்றதே கிடையாது, மின்சாரமே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போகும் என்றேன். சிரித்தாள்.

ஆறு தடவை ரயிலில் போய்வந்தாள், கையில் போன் கடிகாரத்தோடு. பாம்புகள் விழுந்து முடிந்ததும் ஒரு வளைவு வரும். வளைவிலிருந்து வெளிவாசல் வரை ஒன்றுமே கிடையாது. முன்பு அங்கே ஒரு பறக்கும் நாகம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. 1999இல் வாய் மூட மறுத்துவிட்டதால் பழுதுபார்க்க அனுப்பினார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அந்த இடத்தில் வெறும் இருட்டு. தன் கையைத் தானே பார்க்க முடியாத சுத்தமான இருட்டு.

"முப்பத்தேழு செகண்ட்தானா?" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு இதைவிட நீளமா ஞாபகம்."

சின்ன வயதில் காலம் ரப்பர் மாதிரி இழுபடும் என்று சொல்லிவிட்டு பிரேக்கைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

பத்து வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க இவள் இங்கேதான் கிடந்தாள். கடைசிப் பெட்டி, இடதுபக்க இருக்கை. நான் அதற்குப் பின்னால் கார்டு பலகையில் நின்றுகொண்டு வருவேன், வலது கை பிரேக்கில். அந்த வருடம்தான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன என் மச்சான், சுகந்தியின் அப்பா, தனக்கு அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது, இனி வரப்போவதில்லை என்று கடிதம் போட்டார். 'அந்த ஆளுக்காக இந்த வீட்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது' என்று அக்கா சட்டம் போட்டாள். தானும் மீறவில்லை, மகளையும் மீற விடவில்லை. சட்டம் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

பழைய கதை. பிரேக்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதலாளி அறையில் கதை விவாதம். நாலு நிமிடம் பத்து விநாடியை இரண்டேகால் மணி நேரமாக ஆக்குவது எப்படி? நான் பதினேழு கதைகள் சொன்னேன். ஒன்றில் எலும்புக்கூடு தேர்தலில் நிற்கிறது. இன்னொன்றில் அரக்கனுக்கும் ரப்பர் பாம்புக்கும் முறைப்பெண் தகராறு. காபி வந்ததும் என்னைக் குடிக்கச் சொன்னார்கள், வாய் ஓயும் என்று.

பிறகு சுகந்தி சொன்னாள். பத்து வயதுப் பெண் அப்பாவோடு பாதாள ரயிலில் ஏறுகிறாள். உள்ளே போகும்போது அப்பா பக்கத்தில் இருக்கிறார். வெளியே வரும்போது அந்த இருக்கை காலி. இருபது வருடம் கழித்து அதே குகையில் வேலைக்குச் சேர்ந்து அவரைத் தேடுகிறாள். கடைசியில், தேடுவதை விட்டுவிட்டு, அதே இருக்கையில் தனியாக உட்கார்ந்து அந்த இருட்டுக்குள் ஒருமுறை போய் வருகிறாள். அவ்வளவுதான் படம்.

எங்கிருந்துதான் இந்தப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறதோ.

முதலாளிக்குக் கதை பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. ஜனம் இருட்டைப் பார்க்கவா தியேட்டருக்கு வருகிறது, அது அவரவர் வீட்டிலேயே இருக்கிறதே என்றார். குகை எரிய வேண்டும். பேய், பிசாசு, எலும்புக்கூடு எல்லாம் கொழுந்துவிட்டு எரிய, கதாநாயகி நெருப்புக்கு நடுவிலிருந்து நடந்து வர வேண்டும். எப்படியும் இந்தக் குகையை இடித்துவிட்டு, நாற்காலியே துள்ளுகிற புதுச் சவாரி ஒன்று கொண்டுவரப் போகிறாராம். இடிப்பதற்குப் பதில் எரித்துவிட்டால் ஒரே வேலை.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை.

சரி சார் என்றாள்.

எனக்கு அலைக்குளத்தில் விசில் ஊதும் பதவி தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். பரம சந்தோஷம். திறந்த வெளி, நல்ல காற்று, குளித்துச் சிரிக்கும் ஜனங்கள். பாதாளத்தில் என்ன இருக்கிறது?

மே 3, சனி

இருபத்திரண்டு ஓட்டம். ஒரு ஓட்டத்தில் மாப்பிள்ளை அலறினார், பெண் அவரைத் தேற்றினாள். பிரேக்குக்கு கிரீஸ் வைத்தேன். எரியப்போகிற வண்டிக்கு எதற்கு கிரீஸ் என்று மோதும் கார் பொறுப்பாளர் கேட்டார். அவருக்கு வேலை இல்லை.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்துவிட்டதால் படப்பிடிப்பு தொடங்கியது. பூஜைக்கு அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் பூங்காவுக்குள் அவள் காலடி பட்டது இன்றுதான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. முதல் ஷாட்டுக்கு அவளையே விளக்கேற்றச் சொன்னார்கள். குகைவாசலில் ஏற்றினாள், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சுற்று வா அக்கா என்று கூப்பிட்டேன்.

"இருட்டுல உக்காந்துட்டு வர்றதுக்கு எனக்கென்னடா வந்துச்சு" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

இன்று உலக சினிமாவுக்கு நான் அறிமுகமானேன். ரயில் புறப்படும்போது பச்சைக்கொடி காட்டும் பாத்திரம். பதினான்கு டேக். பதிமூன்றில் என் நடிப்பு கேமரா தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. பதினாலாவதில், "மாமா, ஒண்ணும் பண்ணாதீங்க, கொடியை மட்டும் காட்டுங்க" என்று சுகந்தி காதோடு சொன்னாள். படப்பிடிப்பில் மட்டும் எனக்கு 'ங்க' உண்டு.

அவள் சத்தம் போடுவதே இல்லை. எழுபது பேர் அவள் விரல் அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லைட்மேன்களின் தலைவர் எத்திராஜ் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். 'இந்தப் பொண்ணு ஷாட் வெச்சா ஒரு காரணம் இருக்குதுண்ணே' என்றார். அதை அக்காவிடம் சொல்லும்போது ஜனாதிபதி சொன்னதாகச் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. விடிந்ததும் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். பிறகு வழக்கம்போல் திருஷ்டிப் பூசணிக்காயோடு குகைவாசலுக்குப் போனேன். இருபத்தொன்பது வருடமாக ஒரு அமாவாசை தவறியதில்லை. கற்பூரத்தை ஏற்றிச் சுற்றுவதற்குள் எத்திராஜ் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னா வேலை இது. ஷூட்டிங் நடக்கிற எடத்துல பூசணிக்காய் ஒடச்சா, படம் முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். கடைசி ஷாட்டுக்கு அப்புறம்தான் ஒடைப்போம். ஒடச்சப்புறம் ஒரு பல்பைக்கூட எவனும் போட மாட்டான்."

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் உலகத்தில் பூசணிக்காய் உடைத்தால் வேலை ஆரம்பம், அவர்கள் உலகத்தில் உடைத்தால் முடிவு. காயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கழிப்பறையைத் தாண்டிப் போய் உடைத்தேன். குகைக்குக் கழியவேண்டிய திருஷ்டி கழிப்பறைக்குக் கழிந்தது, அது நூறாண்டு வாழும்.

ஜூன் 30, திங்கள்

தீ வைக்கிறவர் வந்தார். ஒல்லியான, பணிவான மனிதர். குகையை நாடா வைத்து அளந்தார். எங்கே துணி சுற்றுவது, எங்கே பெட்ரோல் ஊற்றுவது என்று சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார். எலும்புக்கூட்டின் நெஞ்சில் ஒரு வட்டம். கடைசிப் பெட்டியில், இடதுபக்க இருக்கையில் ஒரு வட்டம்.

புதனும் வியாழனும் எரிப்பு. மற்ற எல்லாக் காட்சியும் எடுத்தாகிவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

சந்தையில் வெள்ளைப் பூசணி ஒன்று வாங்கினேன். ஏழு கிலோ. கூட்டு செய்யலாம்.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

இன்று அமாவாசை என்பதால் காலை ஆறு மணிக்குக் குகைவாசலில், கேமரா நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, பூசணிக்காய் உடைத்தேன். பழக்கதோஷம். குங்குமம் தடவி, காசு போட்டு, கற்பூரம் வைத்து, முறைப்படி. பூமி அதிர்ந்தது. திண்டிவனம் வரை கேட்டிருக்கும்.

ஆறரைக்கு யூனிட் வண்டிகள் வந்தன. சிதறிக் கிடந்த பூசணிக்காயைப் பார்த்ததும் லைட்மேன்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். மழை வரப்போகிறது, முதலாளி சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். தீ வைக்கிறவர் தன் பெட்ரோல் கேன்களை ஒவ்வொன்றாக வண்டியில் திரும்ப ஏற்றினார். எட்டு மணிக்கு சுகந்தி வந்தபோது ஜெனரேட்டர் வண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியிருந்தது.

இதுவரை எல்லாம் நான் நினைத்தபடி... இதுவரை எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. தீ வைக்கிறவர் போய்விட்டார், சரி. ஒரு சின்ன லைட்டும் கேமராவும் இருந்தால், அந்தப் பெண் தனியாக ரயிலில் உட்கார்ந்து போவதை எடுத்து முடித்துவிடலாமே. சுகந்திக்கும் அந்த முடிவுதானே வேண்டும்.

முதலாளி வந்தார். பூசணிக்காயைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அவருக்குத் தெரிந்த ஒருவர் பூசணிக்காய் உடைத்த பிறகு ஒரே ஒரு பாட்டு எடுத்தாராம். பதினோரு வருடமாக அந்தப் படம் பெட்டிக்குள் தூங்குகிறதாம். இனி இந்தப் படத்துக்கு எந்த இடத்திலும் கேமரா ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சின்ன லைட் கிடையாது, சின்னக் கேமரா கிடையாது, போன் கேமராகூடக் கிடையாது.

சுகந்தி எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். முடிவில்லாத படத்தை எப்படி வெளியிடுவது என்று கேட்டாள். அதையேதான் தானும் யோசிப்பதாக அவர் சொன்னார். பேசாமல் மூடிவைத்துவிட்டு, அடுத்து ராட்டினத்தை எடுக்கலாமாம். அதற்கு வேறு ராசியான இயக்குநர்.

மத்தியானம் வரை சுகந்தி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். காக்கை வந்து பூசணி விதைகளைக் கொத்தியது. நான்தான் உடைத்தேன், அமாவாசை ஞாபகத்தில் உடைத்துவிட்டேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "பரவால்ல மாமா" என்றாள்.

பேசாமல் நாலு அறை விட்டிருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. எலும்புக்கூட்டின் நெஞ்சிலிருந்த சுண்ணாம்பு வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானச் சாப்பாடு. அக்கா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, ஏதோ மணத்தக்காளி வற்றலைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏன்டா சகாயம், போன வாரம் புதன்தானே எள்ளும் தண்ணியும் விட்டே. ஒரே வாரத்துல இன்னொரு அமாவாசை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

சுகந்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

என் வாழ்நாளில் நான் பதில் சொல்லாமல் இருந்த கேள்விகள் இரண்டோ மூன்றோதான். உலகத்தின் எந்த மூலையிலும் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடும். இன்று ரசம் இலையிலிருந்து வழிந்து தரைக்கு வரும்வரை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

சுகந்தி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏன் மாமா?" என்றாள்.

"எரிக்க வேணாம்னு தோணுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ அன்னைக்கு என்னைத்தான் பார்த்தே. நான் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

அவள் கையிலிருந்த போர்வையை மடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மடிக்க மடிக்க இருவரும் கிட்டே வந்தோம். கடைசி மடிப்பில் என் கையிலிருந்து போர்வையை வாங்கிக்கொண்டு, "எனக்கும் எரிக்க இஷ்டமில்ல. ஆனா படம் வேணும்னு இருந்துச்சு" என்றாள். அழவில்லை. இந்த வீட்டில் இன்னும் அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

ஜூலை 5, சனி

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அமாவாசையும் இல்லை, மறதியும் இல்லை, வேண்டுமென்றேதான் உடைத்தேன், அது படத்துக்கான பூசணிக்காயே இல்லை, ஒரு திருட்டுப் பூசணிக்காய், அதற்குச் சாஸ்திரம் செல்லாது, தயவுசெய்து கேமராவை ஓட விடுங்கள், வேண்டுமானால் குகையை எரித்துக்கொள்ளுங்கள், நானே பெட்ரோல் ஊற்றுகிறேன் என்றேன்.

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடினார்.

"யார் உடைச்சா என்ன சகாயம். உடைஞ்சது உடைஞ்சதுதானே."

இன்றிலிருந்தே எனக்கு அலைக்குளம். குகைச்சாவியை மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் பின்னால் சுகந்தி நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சார், கேமராதானே ஓடக்கூடாது. மைக் ஓடலாமா?"

முதலாளிக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். கதாநாயகி குகைக்குள் போகிற வரை ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. வெளியே வந்து வெயிலில் நிற்பதும் முதல் வாரமே எடுத்தாகிவிட்டது. நடுவில் திரை முழுக்க இருட்டாக இருக்கும். ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இருட்டை எடுக்கக் கேமரா எதற்கு?

முதலாளி தன் ஜோசியருக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் பேசினார். மைக்கைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றுமே சொல்லவில்லையாம்.

"ஆனா ஜனம் கரண்ட் போயிடுச்சுன்னு கத்தும்மா."

"கொஞ்ச நேரம் கத்துவாங்க சார். அப்புறம் நிறுத்திடுவாங்க."

படம் ஓடினால் குகை இருக்கட்டும், ஓடாவிட்டால் மறுநாளே இடிப்பு என்று முதலாளி தீர்ப்பளித்தார். ஒலிப்பதிவுக்காக மட்டும் ஒருநாள் சாவி என் கைக்குத் திரும்ப வரும்.

ஜூலை 9, புதன்

கதாநாயகி வேறு படத்துக்குப் போய்விட்டார். ஆகவே அவர் இடத்தில் சுகந்தியே உட்கார்ந்தாள். கடைசிப் பெட்டி, இடதுபக்கம். ஒலிப்பதிவாளர் முன்பெட்டியில், காதில் பெரிய ஹெட்போனோடு. நான் கார்டு பலகையில். எலும்புக்கூடு, அரக்கன், பாம்பு எல்லோருக்கும் இன்று விடுமுறை.

நாலு தடவை ஓட்டினேன். நாலு தடவையும் முப்பத்தேழு விநாடி. சுகந்தி வேண்டாம் என்றாள்.

"பழைய மாதிரி ஓட்டு மாமா."

எந்தப் பழைய மாதிரி என்று கேட்டேன்.

"அந்த லீவு மாதிரி. வளைவு தாண்டினதும் வண்டி மெதுவாப் போகும். ரொம்ப மெதுவா. அப்புறம் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை இருமுவே. நான் முகத்தைத் துடைச்சுப்பேன்."

அந்த வருடம் பிரேக்கில் ஒரு கோளாறு இருந்தது, எனக்கும் கொஞ்சம் ஆஸ்துமா என்றேன்.

"உனக்கு ஆஸ்துமாவே கிடையாது மாமா" என்றாள், திரும்பாமலே.

ஐந்தாவது தடவை புறப்பட்டோம். வளைவு தாண்டியதும் கை தானாகவே பிரேக்கை இழுத்தது. இருபத்திநாலு வருடமாகியும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சக்கரம் தண்டவாளத்தில் முனகுகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லாமல், முன்னால் ஒரு மூச்சு தடுமாறுகிற சத்தம். பிறகு அது மூச்சாக மட்டும் இல்லை. இருட்டாக இருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

இருமினேன். வெளிச்சம் வந்தது.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி என்றார் ஒலிப்பதிவாளர். அவர் ஹெட்போனைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏழு கடலையும் ஆளும் சமுத்திரராஜன் எழுதுவது. இடுப்பளவு தண்ணீரில் இன்று நாற்பது பேரை மூழ்காமல் காப்பாற்றினேன். அவர்களில் யாரும் மூழ்குவதாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். விசில் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கிறது. இங்கிருந்து பார்த்தால் குகைவாசல் பூட்டு தெரியும்.

செப்டம்பர் 12, வெள்ளி

செங்கல்பட்டில் காலைக் காட்சி. தியேட்டர் வாசலில் கூட்டம் அலைமோதியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி தியேட்டர். பூங்கா ஆட்களே இரண்டு வரிசை. எங்களுக்கு முன்வரிசையில் முதலாளி. என் வலதுபக்கம் அக்கா, பூஜைக்குக் கட்டிய அதே பட்டுப்புடவையில். சுகந்தி உட்காரவில்லை. கடைசியில் கதவோரமாக நின்றுகொண்டு, திரையைப் பார்க்காமல் ஜனங்களின் பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பச்சைக்கொடி இரண்டு விநாடி வந்தது. நான் எதிர்பார்த்த கைதட்டல் வரவில்லை. பரவாயில்லை.

கடைசியில் அந்தப் பெண் ரயிலில் தனியாக உட்கார்ந்தாள். ரயில் குகைக்குள் நுழைந்தது. வளைவு. திரை இருண்டது.

முதலில் விசில். "ஆபரேட்டர், கரண்ட்டைப் போடுய்யா" என்று பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு. யாரோ போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். முதலாளி இருக்கையில் நெளிந்தார். சக்கரத்தின் முனகல் மெதுவாகிக்கொண்டே வந்தது. போன் விளக்கு அணைந்தது. பிறகு அந்த மூச்சு. விசில் அடித்தவனும் நிறுத்திவிட்டான். முந்நூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு செருமல்கூட இல்லை.

அப்போது எனக்கு வலப்பக்கத்தில் இன்னொரு மூச்சு தடுமாறுவது கேட்டது. திரையிலிருந்து இல்லை.

இருபத்திநாலு வருடம் தன் சட்டத்தைத் தானே காத்தவள். நான் திரும்பவில்லை. என் வலது கை மட்டும் தானாகவே நாற்காலியின் பக்கவாட்டில் பிரேக்கைத் தேடியது. அங்கே ஒரு காலி டீக் கப் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடிதான், இந்த வண்டியில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நூற்றெட்டு, நூற்றொன்பது.

திரையில் நான் இருமினேன். அதே நேரம் நாற்காலியிலும் இருமினேன். முன்வரிசை முதலாளி திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் வெளிச்சம் வந்தது.